நாலாம் சரணம்

போதகர் ஐயர் பிரசங்கத்துக்கு மூன்று தலைப்பு கொடுத்தார். மூன்று தலைப்பு என்றால் லேசில் முடியாது என்பது பொறுமைபுரம் சபையில் கைப்பிள்ளைக்கும் தெரியும். ஊருக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் இதே கோயிலில் உட்கார்ந்து, இதே மாதிரி ஒரு ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். மேபல் கீபோர்டின் மேல் துணியை இழுத்து மூடிவிட்டு, வலிக்கிற முழங்காலை முன்னால் நீட்டிக்கொண்டாள். அவள் முதுகு சபைக்கு, முகம் சுவருக்கு. சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி. காலால் காற்று மிதித்து வாசிக்கிற பழைய ஆர்கன் இருந்த காலத்தில், ஐயர் எப்போது கை காட்டுகிறார் என்று பார்ப்பதற்காக அடித்த கண்ணாடி அது. ஆர்கன் கரையான் தின்று போய்விட்டது, கண்ணாடி மட்டும் அதே ஆணியில் தொங்குகிறது. அதற்குள்தான் அவள் சபையைப் பார்த்து வந்திருக்கிறாள், பதினாறு வயதிலிருந்து: இடது கைப் பக்கம் ஆண்கள், வலது கைப் பக்கம் பெண்கள், எல்லாம் இடம் மாறி. இன்றைக்குப் பாலர் ஞாயிறு என்பதால் முன்வரிசையில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் நெளிந்துகொண்டிருந்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் அவர்கள் எழுந்து வந்து அவளுடைய அப்பா எழுதின பாட்டைப் பாடுவார்கள், சபையும் சேர்ந்து பாடும், அது முடிந்து ஜெபமும் ஆசீர்வாதமும். அதற்குப் பிறகு வாசலில் பாட்டுப் புத்தகக் கமிட்டி டேவிட்சன் நிற்பான். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். காலையில் செருப்பைக் கழற்றும்போதே பிடித்துக்கொண்டான். "என்னக்கா, யோசிச்சு வச்சீங்களா? சாயங்காலம் பாட்டுப் புத்தகக் கமிட்டி கூடுது. அந்த நாலாவது சரணத்தை எடுத்துரலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா அச்சுக்குப் போயிரும். ஆசிரியரோட மகள் சொன்னாத்தான் எடுக்கணும்னு பிஷப்பம்மா ஒத்தக்கால்ல நிக்காங்க." அவள் பார்ப்போம் என்றாள். "பாக்க என்னக்கா இருக்கு? அதை எங்க பாடுதாங்க? ஒரு சபையிலயும் பாடல. பிள்ளைங்க வேற பயப்படுது. காலியான பாய்னா என்ன சார்னு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல?" அவன் கேட்டது நியாயம்தான். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாதவன். ஒரு சபையிலும் பாடுவதில்லை என்பதும் உண்மைதான், அதற்குக் காரணம் யார் என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் என்ன? நாலு வரி. நாலு வரி போனால் பாட்டு செத்தா போகும்? முதல் மூன்று சரணமும் இருக்கும், அதன் கீழே சின்ன எழுத்தில் 'பொன்னையா — ஞானசிகாமணி' என்று இரண்டு பேருடைய பெயரும் இருக்கும், வார்த்தை எழுதினவர், மெட்டுப் போட்டவர். அந்தச் சின்ன எழுத்தை எந்தப் பிள்ளை வாசிக்கிறது? பாட்டு எழுதுகிறவன் பிழைப்பு அப்படி. பாடுகிற வாய்க்கு எழுதின கை தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். மிஷன் பள்ளியில் சின்ன வகுப்புக்கு வாத்தியார் அவர். பாட்டை உட்கார்ந்து எழுதுகிற வழக்கம் கிடையாது. தேரிக்காட்டுச் செம்மணலில் பள்ளிக்கு நடக்கும்போது கால் புதையப் புதைய வார்த்தையைக் கட்டுவார், பள்ளி வந்ததும் பிள்ளைகளைப் பாடவைத்துப் பார்ப்பார், எந்தச் சொல்லில் பிள்ளை தடுக்குகிறதோ அந்தச் சொல்லைத் தூக்கிப் போட்டுவிடுவார். எவ்வளவு பெரிய பக்தியான சொல்லாக இருந்தாலும் சரி. "பிள்ளை நாக்குல தடுக்குறது பரலோகத்துக்கும் போய்ச் சேராது" என்பார். பெரியவர்கள் அவருடைய பாட்டை அவ்வளவாக மதிக்கவில்லை. இந்தப் பாட்டையே முதன்முதலில் புத்தகத்தில் சேர்க்கும்போது ஒரு தகராறு வந்தது. மூன்றாம் சரணத்தில் பாதம் குளிருகிற இராத்திரியில் போர்வையை இழுத்து விடுவாயா என்று பிள்ளை ஆண்டவரைக் கேட்கிறது. சர்வ வல்லவரைப் போய்ப் போர்வை இழுத்துவிடச் சொல்லலாமா என்று அந்தக் காலத்துக் கமிட்டியில் ஒருவர் மூக்கைச் சுளித்தார். அப்பா எழுந்து நின்று, "அவர் பன்னிரண்டு ஆம்பிளைங்க காலைக் கழுவினவருங்க, ஒரு பிள்ளைக்குப் போர்வை இழுத்து விடமாட்டாரா?" என்று கேட்டாராம். போர்வை தப்பித்தது. அன்றைக்கு யாரும் நாலாம் சரணத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் அது எந்தப் பாய் என்று தெரியும்.

ஐயர் முதல் தலைப்பை விட்டு நகர்கிற மாதிரி தெரியவில்லை. சிறு பிள்ளைகளை என்னிடத்தில் வர விடுங்கள். வர விடுங்கள், ஆமாம், சிலதுகள் சீக்கிரமே போய்விட்டன. ஆசீர். தம்பி பெயர் ஆசீர், நாலு வயது, முன்பல்லில் ஒன்று கருப்பு. முகம் இப்போது சரியாக வருவதில்லை, பல் மட்டும் வருகிறது. பிறகு அந்த வாய். வாய்தான் முழுசாக ஞாபகம் இருக்கிறது, ஆவென்று திறந்த வாய். மிஷன் மருந்தகத்தில் ஞானசிகாமணி கம்பவுண்டர் இருந்தார், பருத்த மனுஷர், விரல்கள் மட்டும் பெண்பிள்ளை விரல் மாதிரி. கிறிஸ்துமஸுக்குப் பிடில் வாசிப்பார், மற்ற நாளெல்லாம் கசப்பு மருந்து கலக்குவார். மருந்து குடிக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொள்கிற பிள்ளைகளுக்காக அவரே ஒரு மெட்டு வைத்திருந்தார். வார்த்தை கிடையாது, ன ன னா என்று துள்ளித் துள்ளிப் போகும், போய்க் கடைசியில் ஓர் இடத்தில் ஆ என்று நிற்கும். அந்த இடம் வந்ததும் பிள்ளையும் தன்னை அறியாமல் கூடவே ஆ என்று வாயைத் திறக்கும், கரண்டி உள்ளே போய்விடும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அந்த மெட்டில் ஏமாந்தவர்கள்தான், மேபலும் ஏமாந்திருக்கிறாள். ஆசீருக்குத் தொண்டை அடைப்பான் வந்தபோது கம்பவுண்டர் மூன்று நாளும் வீட்டோடு கிடந்தார். "எய்யா ஆசீரு, ராசா, ஒருக்கா மட்டும் தொறய்யா" என்று கெஞ்சிவிட்டு மெட்டை எடுப்பார். அவனும் திறப்பான். கடைசி நாள் மூச்சு விசில் மாதிரி வந்தது, அப்போதும் மெட்டு அந்த இடத்துக்கு வந்ததும் திறந்தான். மருந்து உள்ளே போகவில்லை, வழிந்தது. மேபல் எச்சிலை விழுங்கிப் பார்த்துக்கொண்டாள். அறுபத்தெட்டு வயதாகிறது, இன்னும் அவனை நினைத்தால் தன் தொண்டை திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை. பைத்தியக்காரத்தனம்தான். பயத்துக்கு வயது ஏறுவதில்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் போனபிறகு அப்பா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனார். கம்பவுண்டர் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும்போது பாடுவதை விட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு, பிள்ளைகளை இப்போது மூக்கைப் பிடித்துத்தான் குடிக்க வைக்கிறார்களாம். அப்பா படியில் நின்றபடியே, "அண்ணாச்சி, அந்த மெட்டை எனக்குத் தாங்க, வார்த்தை போடணும்" என்றார். கம்பவுண்டர் சீசாவைத் துடைத்துக்கொண்டே நிமிராமல், "வேண்டாம் வாத்தியாரே, அது தோத்த மெட்டு" என்றார். "தோத்தது மருந்துல்லா அண்ணாச்சி. மெட்டு எங்க தோத்துச்சு? எம்பிள்ளை கடைசி வரைக்கும் வாயத் தொறந்தானே." கம்பவுண்டர் சீசாவை வைத்துவிட்டு உள்ளே போனார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பிடிலோடு வந்து உட்கார்ந்தார். இப்படித்தான் அந்தப் பாட்டு பிறந்தது, இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு சின்ன வாயை நினைத்து அழுததில். கேட்கிறவர்களுக்கு அது தெரியாது, தெரிய வழியும் இல்லை. ஏனென்றால் மெட்டு துள்ளுகிறது, பிள்ளைகள் கை தட்டிப் பாடுகிறார்கள். 'பள்ளி மணியும் ஓய்ந்ததே, பறவை கூட்டில் சேர்ந்ததே, பிள்ளை வீடு வருகிறேன், பின்னே நீயும் வருவாயா?' வருவாயா, உண்பாயா, விடுவாயா. ஒவ்வொரு சரணமும் கம்பவுண்டருடைய 'ஆ'வில் போய் நிற்கும்படிதான் அப்பா வார்த்தை போட்டார். எந்த ஊரில் எந்தப் பிள்ளை பாடினாலும் அந்த இடத்தில் வாய் திறந்தே ஆகவேண்டும். கரண்டி இல்லாத மருந்து என்று கம்பவுண்டர் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார், சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

நாலாம் சரணம் மட்டும் பள்ளியில் பிள்ளைகளிடம் பாடிப் பார்த்து முடித்ததல்ல. அது வீட்டில் வந்தது. அம்மா சாயங்காலம் பாய் விரிக்கும்போது பழக்கதோஷத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு விரிப்பாள், விரித்துவிட்டு நிற்பாள், பிறகு ஒன்றைச் சுருட்டி மூலையில் நிறுத்துவாள். அம்மா பெயர் லீதியாள், நாலு பேர் சேர்ந்தால் சிரிப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிற பெண் என்று பெயர் வாங்கினவள். ஆசீருக்குப் பிறகு அந்தச் சிரிப்பு என்ன ஆனதோ. மேபல் சுருட்டின பாயையே பார்த்தபடி படுத்திருப்பாள். கண்ணை மூடினால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு. இருட்டில் சத்தமில்லாமல் ஆ என்று வாயைத் திறந்து பார்ப்பாள், காற்று வருகிறதா. அப்பா வந்து பக்கத்தில் உட்காருவார். ஓலை விசிறி அசையும். அடித்தொண்டையில் அந்த மெட்டை முனகுவார், அதில் ஏதோ வார்த்தை ஒட்டிப் பார்ப்பார், எடுப்பார், வேறு ஒட்டுவார். மூலையில் நிற்கிற பாயைப் பார்த்துத்தான் பாடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். ஏழு வயதிலேயே தெரியும். செத்தவனுக்கு ஒரு பாட்டு. இருக்கிறவளுக்கு? இதை நினைக்கவே கூடாது, பாவம், ஆனால் நினைத்தாள், அன்றைக்கும் நினைத்தாள், பிறகும் வாழ்நாள் பூராவும் நினைத்திருக்கிறாள். அப்பாவுக்குப் பத்துப் பன்னிரண்டு பாட்டு உண்டு, காணிக்கைப் பாட்டு, மழைப் பாட்டு, காக்கைக்கும் ஆண்டவர் சோறு போடுகிறார் என்று ஒரு காக்கைப் பாட்டு கூட உண்டு. காக்கைக்கு எழுதினார். எனக்கு ஒரு வரி உண்டா? தன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டாள். ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வாழ்த்துப் பாட்டுக் கட்டுகிறீர்களே, எனக்கு ஒரு பாட்டு எழுதித் தாருங்களேன் அப்பா. அவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். "உனக்குத்தான் எப்பவோ எழுதியாச்சேட்டி" என்றார். குடை கிடைத்தது, போய்விட்டார். அவள் அவருடைய பாட்டையெல்லாம் ஒவ்வொன்றாக மனசுக்குள் பாடித் தேடினாள். காக்கைப் பாட்டைக்கூட விடவில்லை. இல்லை. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று விட்டுவிட்டாள், ஆனால் விடவில்லை, விட்டிருந்தால் இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது.

இரண்டாம் தலைப்பு. கண்ணாடிக்குள் யாரோ கொட்டாவி விட்டார்கள். அம்மா உட்கார்ந்த இடம் பெண்கள் பக்கத்தில் மூன்றாம் பெஞ்சின் ஓரம், பக்கவாசலுக்கு நேரே. பாட்டு புத்தகத்தில் வந்த புதிதில் பாலர் ஞாயிறு தவறாமல் இதைத்தான் பாடினார்கள். முதல் சரணம் அம்மா பாடுவாள், இரண்டாவது பாடுவாள், மூன்றாவதில் உதடு மட்டும் அசையும். 'பாயொன்று இன்று காலியாய், பாடின குரல் உன்னிடம்' — அந்த இரண்டு வரி முடிவதற்குள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போய்விடுவாள். வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி நிற்பாள். மேபலின் காது அம்மாவின் செருப்பில்லாத கால் பின்னாலேயே போய்விடும், திரும்பி வரும்போது பாட்டு முடிந்து ஆமென் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகும் இரண்டு வரி உண்டு. உண்டு என்று அவளுக்குத் தெரியும், தினமும் பஸ்ஸில் கடந்து போகிற ஊரின் பெயர் தெரிகிற மாதிரி. அங்கே இறங்கினதில்லை, புத்தகத்தில்கூடக் கண் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடும். பதினாறு வயதில் ஆர்கன் அவள் கைக்கு வந்தது. அந்த வருஷப் பாலர் ஞாயிறு, கண்ணாடிக்குள் அம்மா மூன்றாம் சரணத்தில் முக்காட்டைத் தொட்டாள். அவ்வளவுதான். மேபல் மூன்றாம் சரணத்தின் ஆ அடங்கினதும் ஆமெனை அழுத்தினாள். ஆர்கன் எங்கே போகிறதோ சபை அங்கே போகும், அது பாவம், அதற்கு வேறு வழி கிடையாது. எல்லோரும் ஆமென் என்று முடித்து உட்கார்ந்தார்கள். அம்மா முக்காட்டிலிருந்து கையை எடுத்தாள், வெளியே போகவில்லை. ஆண்கள் பக்கத்தில் அப்பா நாலாம் சரணத்துக்கு மூச்சை இழுத்து வாயைத் திறந்திருந்தார். திறந்தபடியே நின்றார். பிறகு மூடிக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியில் ஏதாவது கேட்பார் என்று அவள் இரண்டடி பின்தங்கியே நடந்தாள். "ஏட்டி, காத்து நல்லா மிதிச்ச, ஒரு இடத்துலயும் இழுக்கல" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் ஒவ்வொரு பாலர் ஞாயிறும் அவர் மூன்றாம் சரணத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார். அம்மாவுக்காகச் செய்தேன் என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லிக்கொள்கிறாள். உண்மைதான், அம்மாவுக்காகத்தான். ஆனால் அந்த ஆமெனை அழுத்தும்போது விரலுக்குள் ஒரு குட்டிச் சந்தோஷமும் இருந்ததே, அது யாருக்காக? தம்பியின் பாட்டில் அவனுக்கு என்று இருந்த இடத்தை மூடினோமே என்று? சீ. அதை எண்ணிப் பார்க்கக்கூட ஆகவில்லை. பிறகு திருநெல்வேலியிலிருந்து ஆள் வந்து பாலர் பாட்டு கேசட் பதிவு செய்தார்கள், இவள்தான் வாசித்தாள், பழக்கத்தில் மூன்று சரணம். கேசட் ஊர் ஊராகப் போயிற்று. இப்போது ஒரு சபையிலும் பாடுவதில்லை என்கிறான் டேவிட்சன். எப்படிப் பாடுவார்கள்?

இப்போது அம்மா இல்லை. அப்பா இல்லை. கம்பவுண்டர் போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. இனி யாருக்காக மறைக்க வேண்டும் என்று ஒரு கேள்வி வருகிறது, வந்த உடனே கண்ணாடி பதில் சொல்கிறது. அதே மூன்றாம் பெஞ்சு, அதே ஓரம், ஜாஸ்மின். போன ஐப்பசி மழையில் மூளைக்காய்ச்சல் வந்து அவளுடைய சின்ன மகன் போனான். கைக்குட்டையளவு வெள்ளைப் பெட்டி. அதற்கு முன்னால் மேபல் கீபோர்டில் எதையோ வாசித்தாள், என்ன வாசித்தாள் என்றே நினைவில்லை. அந்த ஓரத்தில் இடம் காலியாக இருக்கிறதே என்று ஜாஸ்மின் போய் உட்கார்ந்தாளோ, அல்லது பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குப் பக்கவாசல் பக்கத்தில் உட்காரத் தோன்றுமோ, யார் கண்டது. அவளுக்கு மூத்தது ஒரு பெண்பிள்ளை, ஷைனி, முன்வரிசையில் கடைசி ஆளாக நிற்பதுதான் அது. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருக்கிறது, தூங்குகிறதோ இல்லையோ. இந்த ஜாஸ்மின் முன்னால் காலிப் பாயை விரிக்கச் சொல்கிறாயா? முடியாது. சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான். எடுத்துவிடட்டும். அப்படி எடுத்துவிட்டால் ஆசீர் எங்கே இருப்பான்? கல்லறையில் சிலுவைகூட இல்லை, கள்ளி மூடிவிட்டது. இந்த உலகத்தில் அவன் இருந்த ஒரே இடம் அந்த இரண்டு வரி, அங்கிருந்தும் அக்காவே கிளப்பி விடுகிறாள், அச்சில், என்றைக்குமாக. எச்சிலை விழுங்கினாள். எடு என்றால் தம்பி போகிறான், எடுக்காதே என்றால் எங்கோ ஒரு அம்மா எழுந்து வேப்பமரத்தடிக்குப் போகிறாள். இதில் எந்தப் பக்கம் நின்றாலும் பாவம்தான் என்று அவளுக்கு அழுகை வந்தது, அழுதால் கண்ணாடியில் ஐயருக்குத் தெரிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள். "மூன்றாவதாகவும் கடைசியாகவும்" என்றார் ஐயர். கடைசி என்பதை மட்டும் சபை கேட்டு, பெஞ்சுகள் எல்லாம் கிறீச்சிட்டன.

பிள்ளைகள் படியில் ஏறி நின்றார்கள். ஒத்திகைக்கு மேபல் போகவில்லை, முழங்கால் விடவில்லை. புதிதாக வந்த ஞாயிறு பள்ளி டீச்சர் பெனிலா புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே சொல்லிக் கொடுத்துவிட்டாள். மேபல் துணியை எடுத்தாள். முன்னிசை ஒரு வரி. சபை எழுந்து நின்றது. பள்ளி மணி ஓய்ந்தது, பறவை கூட்டில் சேர்ந்தது, பிள்ளைகள் கை தட்டினார்கள், வருவாயா என்று இருபது வாய் திறந்தது. விரல்கள் தாமாகப் போயின. இரண்டாம் சரணம். மூன்றாவதில் போர்வை. கண்ணாடிக்குள் ஜாஸ்மின் உதடு அசையாமல் நின்றாள். விடுவாயா என்று ஆ அடங்கியது, மேபலின் கை ஆமெனில் இறங்கியது, சபை ஆ என்று எடுத்தது. அந்த ஆ முடியவில்லை. ஏனென்றால் பிள்ளைகள் நிற்கவில்லை. அவர்களுக்குச் சபையின் பழக்கம் தெரியாது, கேசட் தெரியாது, புத்தகத்தில் நாலு சரணம் இருந்தது, நாலையும் படித்துக்கொண்டு வந்திருந்தார்கள். பின்னால் பெரியவர்கள் ஆமெனின் பாதியில் வாய் திறந்து நிற்க, முன்னால் அவர்கள் பாட்டுக்குப் 'பாயொன்று இன்று காலியாய்' என்று துள்ளிக்கொண்டு போனார்கள். மேபல் அழுத்தினால் போதும். கீபோர்டின் சத்தத்தை ஒரு விரல் ஏற்றினால் அந்தச் சின்னக் குரல்கள் அடங்கிவிடும், ஆர்கன் போகிற இடத்துக்குத்தானே எல்லோரும் வரவேண்டும். கையைத் தூக்கிவிட்டாள். ஏன் தூக்கினாள் என்று தெரியாது. வாத்தியமில்லாமல் பிள்ளைகள் குரல் மட்டும். 'பாடின குரல் உன்னிடம்.' கண்ணாடியில் ஜாஸ்மின் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்தாள், ஒரு கால் வெளியே வந்துவிட்டது, மேபலின் காது பழைய வழக்கப்படி அந்தக் காலுக்குப் பின்னால் புறப்பட்டது. ஆனால் கால் நடக்கவில்லை. நடக்காததால் காதுக்குப் போக இடமில்லை, திரும்பிப் பாட்டுக்கே வந்தது.

'தூக்கம் வராத பிள்ளைக்குத்
துணையாய் விழித்திருப்பாயா?'

ஷைனி பாடும்போதே கழுத்தை நீட்டி அம்மாவைத் தேடினாள். ஜாஸ்மின் அந்தப் பிள்ளையைப் பார்த்தபடி நின்றாள், இப்போதுதான் பார்க்கிற மாதிரி. மேபல் எதையும் பார்க்கவில்லை. தூக்கம் வராத பிள்ளை. செத்தவனுக்கு எப்படித் தூக்கம் வராமல் போகும்? அவன் தூங்கிவிட்டானே. வீட்டில் தூங்காமல் கிடந்தது யார்? இருட்டில் வாயைத் திறந்து திறந்து பார்த்தது யார்? அப்பா சுருட்டின பாய்ப் பக்கம் உட்காரவில்லையே, இந்தப் பக்கம் அல்லவா உட்கார்ந்திருந்தார், விசிறிக் காற்று என் முகத்தில் அல்லவா பட்டது. எப்பவோ எழுதியாச்சேட்டி. அப்பா, அன்றைக்கு மூச்சை இழுத்துக்கொண்டு நின்றீர்களே, பிறகு ஒவ்வொரு பாலர் ஞாயிறும் புத்தகத்தை மூடினீர்களே, அம்மாவுக்காக விட்டுக்கொடுத்தீர்களா, நானாக ஒருநாள் வந்து கேட்பேன் என்று இருந்தீர்களா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அப்பா. விழித்திருப்பாயா என்ற இடத்தில் பிள்ளைகளின் வாய் திறந்தபடி நின்றது. எல்லோரும் ஆமெனுக்குக் காத்திருந்தார்கள். அவளுக்கு விரல் எழவில்லை. கடைசியில் அவள் ஆமெனை வாசிக்காமல் நாலாம் சரணத்தையே மறுபடியும் எடுத்தாள், இந்தத் தடவை மெதுவாக, அடித்தொண்டையில் முனகுகிற வேகத்தில். பிள்ளைகள் ஒரு நொடி திகைத்துப் பிறகு கூடவே வந்தார்கள். பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டித் தேடிக் கண்டுபிடித்து ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஆராதனை முடிந்து வாசலில் டேவிட்சன் செருப்போடு செருப்பாக நின்றான். "ஏன்க்கா, சபையில ஒரேயடியா இப்படிப் பாட வச்சுட்டீங்க? அப்ப சரணத்தை எடுக்கவா, வேண்டாமா?" மேபல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். "அது எனக்கு எங்கப்பா எழுதினது, தம்பி" என்றாள். "இன்னைக்குத்தான் கேட்டேன். எடுத்துராத."